ஆங்கிலத்தில் 'கறி': ஒரு சொல்லின் மூலமும் பொருளும்

ஆங்கிலேயர் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் 'கறி' ஒன்று. அதன் மூலம் தமிழ் என்பது ஆங்கில அகராதிகள் பலவும் ஏற்ற முடிபு. எனினும், அம்முடிபு வெறும் ஒலியொப்புமையால் நிறுவப்பட்டதன்று என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இதனோடு ஒலியால் நெருங்கிய வேறு இரு சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. தோலைப் பதப்படுத்துதல், குதிரையைத் தேய்த்துத் துலக்குதல் ஆகியவற்றைக் குறிக்கும் 'கறி' என்னும் வினைச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல் வல்லுநர்கள் தொகுத்த 'த ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்னும் நூலின் பெயரிலுள்ள 'கியூரி' சமையற்கலையைக் குறிப்பது. அதுவும் பிரெஞ்சு வழிப்பட்டதே. இந்நூலைச் சான்றாகக் கொண்டு, தமிழ்ச்சொல் அன்றே இங்கிலாந்தை அடைந்தது என்பாரும், உணவைக் குறிக்கும் 'கறி' ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே என்பாரும் ஒருங்கே பிழைபடுவர்.

உணவுப் பெயரான 'கறி'யின் வரலாறு வேறு. சங்க இலக்கியத்தில் அது மிளகைக் குறித்தது. முசிறிக்குப் பொன்னுடன் வந்த யவனர் கலங்கள் மிளகுடன் மீண்டதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாடல், மிளகைக் 'கறி' என்றே சுட்டுகிறது. சோற்றுக்குத் துணையாகும் காயும் ஊனும்கூட இப்பெயர் பெற்றன. போர்த்துக்கீசியர் இச்சொல்லைக் 'கரில்' என வழங்கினர். அது கன்னட வடிவத்தைத் தழுவியது என்பது 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் கருத்து. 1598இல் லண்டனில் வெளிவந்த லின்ஸ்கோட்டன் பயணநூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சோற்றுடன் உண்ணும் மீன்சாற்றை இப்பெயரால் குறிக்கிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில், மிளகும் கொத்தமல்லியும் சேர்த்துக் கோழிக்கறி சமைக்கும் முறையை இந்திய முறை என அறிமுகப்படுத்தினார். காலமுறைப்படி தொடரும் இச்சான்றுகளே கடன்பேற்றை உறுதிசெய்கின்றன.

சொல் சென்றது, பொருள் அவ்வாறே செல்லவில்லை. குழம்பு, கூட்டு, பொரியல் என நாம் வேறுபடுத்துவனவற்றுள் பலவற்றை ஆங்கிலம் 'கறி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிற்று. தாய்லாந்து, ஜப்பானிய உணவுகளுக்கும் அப்பெயரை இட்டது. தமிழிலும் இச்சொல்லின் வழக்கு ஒருபடித்தன்று. தமிழகப் பேச்சுவழக்கில் தனித்து நிற்கும் 'கறி' பெரும்பாலும் இறைச்சியைச் சுட்டும். ஆயினும் 'காய்கறி' என்னும் தொடரில் பழம்பொருள் நிலைத்துள்ளது. இலங்கையில் மீன்கறியும் உண்டு, மரக்கறியும் உண்டு. மலாய்மொழியின் 'காரி' மசாலைக் குழம்பைக் குறிக்கிறது.

ஆகவே, மீன்குழம்பை 'மீன்கறி' என எழுதும் மாணவரைத் திருத்துமுன், அவர் எவ்வழக்கைப் பின்பற்றுகிறார் என ஆசிரியர் நோக்குதல் வேண்டும். ஒரு சொல் நம்முடையது என நிறுவுவதோடு நம் பணி முடிவதில்லை. அச்சொல் சென்ற வழியையும் அடைந்த மாற்றத்தையும் கற்பிப்பதே சொல்லாராய்ச்சியின் பயனாகும்.