ஊர் ஓடினால்...?

ஊர் ஓடினால் ஒத்து ஓடு. ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு. நம் நாட்டுப் பழமொழி இது. பாட்டி சொல்லக் கேட்டோம். பண்பு என்று எண்ணிப் போற்றினோம். ஒருவன் ஓடும்போது, ஏனப்பா ஓடுகிறாய் என்று கேட்கலாமாம்! ஊரே ஓடும்போது கேட்கலாகாதாம்! கேள்வி எங்கே மிகுதியும் தேவையோ, அங்கேதான் வாய்க்குப் பூட்டு!

ஊரோடு ஓடிய பன்னிருவரின் கதையை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அவர்கள் கொடியவர்கள் அல்லர்; அறிவிலிகளும் அல்லர். உண்மையைக் கண்டவர்கள், கண்டதை மன்றத்திலே சொன்னவர்கள், சொன்னதை அன்றே விழுங்கியவர்கள்!

ஆண்டு 1692. இடம் சேலம். நம் சேலம் அன்று; அந்நாளில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸ் பகுதியைச் சேர்ந்த ஊர். மக்கள் பக்தி மிக்கவர்கள். பேய் உண்டு, பிசாசு உண்டு, சூனியக்காரி உண்டு என்பதிலே அவர்களுக்கு அணுவளவும் ஐயமில்லை. பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டுச் சிறுமியர் இருவருக்கு வலிப்புக் கண்டது; அலறினர், துடித்தனர். மருத்துவன் நோயின் பெயரறியாது, சூனியம் என்றான். செய்தது யார் என்று துளைத்தனர் பெரியவர்கள். சிறுமியர் பெயர்களைச் சொன்னார்கள். முதலிலே சுட்டப்பட்டவர்கள் யார்? அடிமைப் பெண் டிட்டூபா, வீடு வீடாக இரந்து திரிந்த சாரா குட் போன்றவர்கள்! எந்த நாட்டு வெறியும் ஏழையின் குடிசையிலேதான் முதலில் நுழைகிறது போலும்!

விரைவிலே விரல், மதிப்புள்ள வீடுகளின் பக்கமும் திரும்பிற்று. ரெபெக்கா நர்ஸ், வயது எழுபத்தொன்று. எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர், திருச்சபையிலே நற்பெயர் உடையவர், செவிப்புலன் குன்றியவர். அந்த மூதாட்டி மீதும் குற்றச்சாட்டு! அவருடைய தங்கை சாரா குளோய்ஸ், கோயிலிலே பாதிரியார் பிசாசைப் பற்றிய பிரசங்கத்தைத் தொடங்கியபோது, அது யாரைச் சுட்டுகிறது என்பதை உணர்ந்து எழுந்து வெளியேறினார். அவ்வளவே அவர் செய்தது. சில நாட்களிலே அவரும் சூனியக்காரி! கூட்டம் உட்கார்ந்திருக்கையில் எழுந்து நிற்பவரைக் கூட்டம் மன்னிப்பதில்லை.

நீதிமன்றம் கூடிற்று. சான்று என்ன தெரியுமோ, தோழர்களே? ஆவியுரு! குற்றம் சாட்டப்பட்டவள் கட்டுண்டு கண்முன்னே நிற்பாள். அவளுடைய ஆவி பறந்து வந்து கிள்ளுகிறது, கடிக்கிறது என்று சிறுமியர் கூவுவார்கள். அந்த ஆவி அவர்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும்! மன்றம் அதனை ஏற்றது. இன்னொரு விந்தை: சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டு அதிலே நிலைத்தவர் எவரும் தூக்கிலிடப்படவில்லை, நான் குற்றமற்றவள் என்று உண்மை பேசியவர்களுக்கே கயிறு! ஊர் சொல்வதை நீயும் சொல், உயிர் உனக்கு. இதுதான் பேரம்.

ஜூன் இறுதியில் ரெபெக்காவின் வழக்கு வந்தது. அண்டை வீட்டார் நாற்பது பேரளவில், இவரிடம் நாங்கள் எத்தீமையும் கண்டதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தனர். ஜூரிகள் பன்னிருவர் கேட்டனர், கலந்தனர், மன்றத்துக்கு வந்து தீர்ப்புரைத்தனர்: குற்றவாளி அல்லர்!

எழுந்தது பேரிரைச்சல்! சிறுமியர் கதறினர், புரண்டனர். நீதிபதிகளில் ஒருவர் அதிருப்தி கொண்டார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன் ஜூரிகளை அதட்டவில்லை, கட்டளையும் இடவில்லை. உங்களை வற்புறுத்தேன், ஆயினும் இம்மூதாட்டி சொன்ன ஒரு சொல்லை எண்ணிப் பார்த்தீர்களா என்று மென்மையாகக் கேட்டார். அந்தச் சொல் என்ன? குற்றத்தை ஒப்புக்கொண்ட வேறொரு கைதி சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்டபோது, இவளும் எங்களைச் சேர்ந்தவள் ஆயிற்றே என்றாராம் ரெபெக்கா. எங்களோடு சிறையிலிருப்பவள் என்பது அவர் கருத்து. சூனியக்காரிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று மன்றம் பொருள் கொண்டது!

ஜூரிகள் மறுபடி உள்ளே சென்றனர். முடிவுக்கு வர இயலாமல் திரும்பினர். தலைவர் தாமஸ் ஃபிஸ்க், அச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று ரெபெக்காவைக் கேட்டார். செவி மங்கியவர், துயரிலே தோய்ந்தவர். கேள்வியே அவர் காதில் விழவில்லை. மௌனமாக நின்றார். மௌனம் குற்றமாயிற்று. குற்றவாளி என்றனர் பன்னிருவரும். ஜூலை 19, தூக்கு மரம்.

முதல் தீர்ப்புக்கும் இரண்டாம் தீர்ப்புக்கும் இடையே புதிய சாட்சி வந்ததா? இல்லை. புதிய தடயம்? இல்லை. வந்தவை ஓர் இரைச்சலும், பெரியவர் ஒருவரின் முகச்சுளிப்புமே! எவரும் வாளை உருவவில்லை. அச்சம் ஐயமாக வேடமிட்டு வந்தது. இத்தனை பேர் கதறுகிறார்களே, நாம்தான் தவறிவிட்டோமோ என்று எண்ணினார்கள். கோழை என்று தன்னை எவன் ஒப்புவான்? அடக்கம் என்றே தன் அச்சத்துக்குப் பெயரிட்டுக் கொள்வான்.

இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், 1951-இல், சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவிலே செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது இதன் நீளம் என்று கேட்டார். குழந்தையும் சொல்லும் விடை! ஆனால் அறையிலிருந்தோரில் ஒரே ஒருவர்தான் சோதனைக்கு உரியவர். ஏனையோர் முன்னேற்பாட்டின்படி ஒரே குரலில் தவறாகச் சொன்னார்கள். அந்த ஒருவர்கள் தந்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஊரோடு ஒத்துப் போனது. நால்வரில் மூவர் ஒருமுறையேனும் வழுக்கினர். மூன்றில் இரு பங்கு விடைகள் உண்மையைப் பற்றியே நின்றன என்பதையும் நாம் மறைத்தலாகாது. பின்னர் ஆஷ் ஒரு மாறுதல் செய்தார். உண்மை சொல்லும் துணைவன் ஒருவனை அக்கூட்டத்தில் அமர்த்தினார். ஒரே ஒருவன்! வழுக்கல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

சேலத்து மன்றத்திலே அந்த ஒருவன் இல்லையா? இருந்தார். நத்தானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி. முதல் தூக்குக்குப் பின், மனம் ஒவ்வாமல் பதவியை விட்டு விலகினார். தம் கை கறைபடாமல் காத்துக்கொண்டார்; நாற்காலியிலே வேறொருவர் அமர்ந்தார்; மன்றம் நடந்தது! ரெபெக்காவின் வழக்கன்று அவர் அங்கே இல்லை.

பத்தொன்பது பேர் தூக்கிலே மாண்டனர். குற்றம் செய்தேன் என்றோ இல்லை என்றோ வழக்காட மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி, கற்களை மேலே அடுக்கி நசுக்கிக் கொல்லப்பட்டார். ஊரின் ஓட்டம் நின்றபின் நாணம் வந்தது. 1697-இல் நீதிபதி சாமுவேல் சீவல், பாஸ்டன் கோயிலிலே எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பு மடலைப் பாதிரியார் படித்தார். ஜூரிகள் பன்னிருவரும் மன்னிப்புக் கோரி எழுதினர். மயக்கத்தை எதிர்த்து நிற்க எங்களால் இயலவில்லை என்பது அதன் சாரம். தாமஸ் ஃபிஸ்கின் கையொப்பமும் அதிலே உண்டு. ஸ்டவுட்டன் மட்டும் இறுதிவரை வருந்தினாரில்லை.

அன்றைய சேலம் சிற்றூருக்கு இன்று டான்வர்ஸ் என்று பெயர். ரெபெக்காவின் பண்ணையிலே 1885-இல் அவருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பினர். ஏழாண்டு கழித்து, 1892-இல், அதன் அருகே மற்றொரு கல் நட்டனர். அதிலே ஜூரிகளின் பெயர் இல்லை. பதவி துறந்தவரின் பெயரும் இல்லை. ஊர் ஓடியபோது நின்று கையொப்பமிட்டார்களே, அந்த அண்டை வீட்டாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.