அண்டை ஊரின் சின்னண்ணன்

நம் பங்கின் ஜூபிலி மலரில் ஒரு புராட்டஸ்டாண்டு ஊழியரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக் கூடும். பிரிந்த சகோதரரிடம் விளங்கும் கிறிஸ்தவச் செல்வங்களை மகிழ்வோடு ஏற்றுப் போற்ற வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு நவம்பரிலேயே நமக்குக் கற்பித்துவிட்டது. ஆகவே தயக்கமின்றி எழுதுகிறோம்.

ஜோலார்பேட்டையில் சேலம் மார்க்க ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் வருவது திருப்பத்தூர். அங்கே 1921-இல் இரு டாக்டர்கள் கூடிக் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன்; மற்றவர் ஸ்காத்லாந்து நாட்டவரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். மூத்தவரைப் பெரியண்ணன் என்றும் இளையவரைச் சின்னண்ணன் என்றும் மக்கள் அழைத்தனர். துரை என்று கைகட்டி நிற்க வேண்டிய வெள்ளைக்காரரை அண்ணன் என்று கூப்பிட முடிந்ததே, அந்நாளில் அது எவ்வளவு பெரிய காரியம்! அதிலும், தமிழர் பெரியவர், வெள்ளையர் சின்னவர்.

பேட்டனின் குடும்பம் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை கதர் உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, மணம் முடிக்காமல், நோயாளிகளிடையே வாழ்ந்தார். மிஷன் பங்களா, மிஷன் சம்பளம் என்ற வழக்கமெல்லாம் ஆசிரமத்தில் இல்லை. அங்கே வைத்தியமும் ஜெபமும் ஒன்றோடொன்று இணைந்தே நடந்தன.

கதர் அவருக்கு வெறும் உடையாக இருக்கவில்லை. 1932-இல், சட்டமறுப்பு இயக்கம் மும்முரமாயிருந்த சமயம், சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் போலீசார் அவர்மீது வர்ண நீரைப் பீய்ச்சித் தடியால் அடித்தனர். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியாரை ஆளும் அரசின் போலீசே அடித்த செய்தி லண்டன் பாராளுமன்றம்வரை எட்டிக் கேள்வியாயிற்று. யேசுவின் சுவிசேஷம் அந்நிய ஆட்சியின் வால் அல்ல என்று ஆயிரம் பிரசங்கத்தில் சொன்னாலும் நம்பாதவர்கள் அன்று யோசித்திருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆசிரமத்தின் ஜெபாலயம் திராவிடக் கோயிற் பாணியில், கோபுரத்தோடு கட்டப்பட்டது. நமக்கு இது முற்றும் புதுமையல்ல. 1606-இல் மதுரை வந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நோபிலி காவியுடுத்தி, மரக்கறி உண்டு இந்த வழியைத் திறந்தவர். ஆயினும் இக்காலத்தில் நம் சபையினர் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியது 1950-இல்தான். நமக்கு முன்னே 29 ஆண்டுகள் நடந்தவர்கள் நம் அண்டை ஊரார் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பெரியண்ணன் 1969-இலும் சின்னண்ணன் 1970-இலும் இறைவனடி சேர்ந்தனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருவரும் ஒன்றாக உழைத்தனர். திருப்பத்தூருக்குக் காரியமாகப் போகும் நம் பங்கு மக்கள், கிறிஸ்துகுல ஆசிரமம் எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அந்தக் கோபுரத்தைக் கண்டு, உள்ளே சென்று ஒரு பரலோக மந்திரம் சொல்லி வாருங்கள்.