இருட்டறையில் இரசாயனப் பஞ்சம்

படம் பிடிப்பதில் ஒளி செய்யும் வேலை பாதிதான். மறுபாதியை இருட்டறையில் இரசாயனப் பொருள்கள் செய்து முடிக்கின்றன. பிலிமில் பூசிய வெள்ளி உப்பின் மீது ஒளி பட்டதும், கண்ணுக்குப் புலப்படாத உரு ஒன்று அதில் பதிகிறது. உருத்துலக்கி, அதாவது டெவலப்பர், ஒளி பட்ட துகள்களுக்கு எலெக்ட்ரான்களை அளித்து அவற்றைக் கரிய வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாத உப்பை ஹைப்போ கரைத்து நீக்குகிறது. இவ்விரண்டும் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல காமிரா இருந்தும் பயனில்லை.

வீட்டிலேயே பிலிம் கழுவும் அன்பர்களுக்கு இவற்றை வாங்குவது இன்று பெரும்பாடாக உள்ளது. புகைப்படக் கடைகளில் கிடைப்பது அரிது. இரசாயன மொத்த வியாபாரியிடம் கேட்டால் கிலோக்கணக்கில் வாங்கச் சொல்வார். நமக்குத் தேவையோ சில கிராம்தான். இந்தத் தொல்லை புதிதன்று. புகைப்படக்கலை பிறந்த ஆண்டிலேயே இதுவும் பிறந்துவிட்டது.

சோடியம் தயோசல்ஃபேட் என்று நாம் இன்று அழைக்கும் ஹைப்போ, வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷெல் 1819இல் கண்டறிந்தார். 20 ஆண்டுகள் அச்செய்தியால் புகைப்படத்திற்குப் பயன் விளையவில்லை. 1839இல் தாகேர், டால்பட் ஆகியோரின் கண்டுபிடிப்புகள் வெளியானபோது, படத்தை நிலைநிறுத்த அவர்கள் அடர்ந்த உப்புக் கரைசலையே நம்பியிருந்தனர். ஹெர்ஷெல் தம் பழைய ஆய்வை நினைவுகூர்ந்து ஹைப்போவைப் பயன்படுத்திக் காட்டினார். ஆனால் அப்போது அது ஆய்வுக்கூடத்தில் மட்டுமே காணக்கூடிய அரும்பொருள். பின்னர், துணியையும் காகிதத்தையும் வெளுக்கும் ஆலைகளில் எஞ்சிய குளோரினை நீக்க அதே உப்பு உதவிற்று. ஆலைகளுக்கென ஏராளமாகத் தயாரான பொருள், புகைப்படக்காரர் கைக்கும் மலிவாக வந்து சேர்ந்தது.

உருத்துலக்கிகளின் கதையும் இதைப் போன்றதே. தொடக்க காலத்தில் பயன்பட்ட பைரோகேலால், மாசிக்காய் போன்ற தாவரப் பொருள்களிலிருந்து கிடைக்கும் கேலிக் அமிலத்திலிருந்து பிறந்தது. 1880இல் ஆப்னி என்பவர் ஹைட்ரோகுவினோனைப் புகுத்தினார். 1891இல் ஜெர்மனியில் மெட்டால் விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டின் கூட்டு உலகெங்கும் பரவிற்று. கரித்தாரிலிருந்து சாயங்கள் செய்யும் ஜெர்மானியத் தொழிலின் நிழலில் வளர்ந்தது மெட்டால்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மானியச் சரக்கு நின்றது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மெட்டாலுக்குப் பஞ்சம் ஏற்பட்டு விலை ஏறியது. பிலிம் விற்கும் நிறுவனங்களே, அதைக் கழுவும் மருந்தையும் தயாரிக்க வேண்டியதாயிற்று. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் மெட்டாலை ‘இலான்’ என்னும் தன் சொந்தப் பெயரில் விற்றது. 1918இல் கரிம இரசாயனப் பொருள்களைத் தயாரிக்கத் தனிப்பிரிவு ஒன்றையும் தொடங்கியது.

அதன்பின் சினிமாவும் எக்ஸ்-கதிர்ப் படமும் பெருந்தொழில்களாயின. அவற்றுக்காக டன் கணக்கில் தயாரான பொருள்களில் ஒரு சிட்டிகை ஆர்வலரின் இருட்டறைக்கும் வந்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இத்துறைகளுக்குப் பிலிம் வழங்கியதே. டிஜிட்டல் முறை வந்ததும் பெருந்தொழில்கள் பிலிமைக் கைவிட்டன. 2005இல் ஆக்ஃபாபோட்டோ நிறுவனம் நொடித்தது. 2012இல் கோடக் திவால் பாதுகாப்புக் கோரியது. ஊட்டி ஆலையும் மூடப்பட்டது. பெரிய மரம் சாய்ந்ததும் அதில் படர்ந்த கொடியும் தரைக்கு வந்தது.

அவ்வாறாயின் வழி என்ன? ஒவ்வொரு பொருளும் என்ன வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வதே முதல் வழி. கோடக்கின் புகழ்பெற்ற டி-76 உருத்துலக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கரைசலில் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், வெண்காரம் 2 கிராம் உள்ளன. முதலிரண்டும் எலெக்ட்ரான்களை வழங்குகின்றன. சல்ஃபைட், காற்றால் கரைசல் கெடாமல் காக்கிறது. வெண்காரம் காரத்தன்மை தந்து வினையைத் தூண்டுகிறது.

எலெக்ட்ரான் வழங்கும் வேலையை வேறு பொருள்களும் செய்யும். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் தம் மாணவர்களுடன் இன்ஸ்டன்ட் காப்பித்தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து பிலிமைக் கழுவிக் காட்டினார். காப்பியில் உள்ள காஃபெயிக் அமிலம் போன்ற பொருள்களே அங்கு உருத்துலக்கின. அம்முறை இன்று ‘காஃபினால்’ எனப்படுகிறது. வைட்டமின் சி சேர்த்தால் அது மேலும் விரைவாக வேலை செய்கிறது. ஹைப்போவுக்கு மட்டும் அதற்கு இணையாக விரைந்து வேலை செய்யும் சமையலறை மாற்று இல்லை. எனினும் மீன் தொட்டி நீரிலுள்ள குளோரினை நீக்க அதே உப்பு விற்பனையாகிறது. வெளுப்பாலைக்குப் பதிலாக இன்று மீன் தொட்டி நமக்கு உதவுகிறது!

ஓர் எச்சரிக்கை: மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடும். கையுறை அவசியம். கரைசலுக்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது.

பொட்டலத்தின் மேலுள்ள பெயரை மட்டும் அறிந்தவர், கடை மூடியதும் திகைத்து நிற்பார். பொட்டலத்தினுள் இருப்பது செய்யும் வேலையை அறிந்தவர், அடுத்த கடையில் அதைத் தேடுவார்.