உப்புப் படிகங்களின் கடினத்தன்மை அளவீட்டு வரலாறு

நீர்க் கரைசலிலிருந்து வளர்க்கப்படும் உப்புப் படிகங்கள் பெரும்பாலும் மென்மையானவை. எளிதில் விரிசல் காண்பவை. இவற்றின் கடினத்தன்மையை நம்பத்தக்க எண்ணாகக் கூறும் முறை உருவாக நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கீறலிலிருந்து அழுத்தத்திற்கு

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். மாக்கல் 1, வைரம் 10. எது எதைக் கீறுகிறது என்பதே சோதனை. இது வரிசையை மட்டுமே காட்டும். சமையல் உப்பு, படிகாரம் இரண்டும் 2-ஐ ஒட்டியே அமைவதால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு இதில் தெளிவாகத் தெரியாது.

சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல் 1900இல் 10 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை உலோகத்தின் மீது அழுத்தி, உண்டான குழியை அளந்தார். எஃகுக்கு அவர் முறையில் இடும் சுமை 3000 கிலோகிராம். உப்புப் படிகம் அதில் நொறுங்கிவிடும்.

இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் சுமித், சாண்ட்லாண்டு ஆகியோர் 1920களின் தொடக்கத்தில் சதுர அடி கொண்ட வைரப் பிரமிடு முனையை உருவாக்கினர். அதன் எதிரெதிர் முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் 136 பாகை. இம்முனையைச் சில கிராம் சுமையிலும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 1939இல் அறிமுகமான நூப் முனை, நீண்டு ஒடுங்கிய, ஆழம் குறைந்த தடத்தைத் தருவதால் நொறுங்கும் பொருள்களுக்கு ஏற்றது.

அளக்கும் முறை

படிகத்தின் வழவழப்பான முகத்தில் வைரமுனையைச் சில நொடிகள் அழுத்தி எடுப்பர். தடத்தின் இரு மூலைவிட்டங்களையும் நுண்ணோக்கியில் அளந்து சராசரி காண்பர். கிலோகிராமில் உள்ள சுமையை, மில்லிமீட்டரில் உள்ள சராசரியின் வர்க்கத்தால் வகுத்து 1.8544ஆல் பெருக்கினால் விக்கர்ஸ் எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சுமை 25 கிராம், மூலைவிட்டம் 0.025 மில்லிமீட்டர் எனில் விடை ஏறத்தாழ 74.

ஒரே படிகம், வெவ்வேறு எண்கள்

சுமையை மாற்றினால் இந்த எண்ணும் மாறக்கூடும். ஆய்கன் மேயர் 1908இல் சுமைக்கும் தடத்தின் அளவிற்கும் இடையே ஓர் அடுக்குத் தொடர்பைக் கண்டார். பின்னர் அது பிரமிடு தடங்களுக்கும் பயன்பட்டது. அடுக்கெண் 2 எனில் கடினத்தன்மை மாறாது; 2-க்குக் குறைந்தால் சுமை கூடும்போது கடினத்தன்மை குறையும்; 2-ஐ மிஞ்சினால் கூடும். சுமை மிகுந்தால் தடத்தின் மூலைகளில் விரிசல் தோன்றும். அதற்குமேல் அளவீடு பொருந்தாது. படிகத்தின் முகத்திற்கு முகமும் மதிப்பு வேறுபடலாம்.

பயன்

இரண்டாம் உலகப் போரில் நீரடி ஒலிக்கருவிகளுக்கு அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகங்கள் பயன்பட்டன. லேசர் ஒளியின் அலைநீளத்தை மாற்ற இன்று பயன்படும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மிக மென்மையானது. அதன் பெரிய தகடுகளை வைரமுனையால் செதுக்கியே சமன் செய்கின்றனர். வெட்டும்போதும் மெருகேற்றும்போதும் படிகம் தாங்குமா என்பதை அறியவே சென்னை அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையம் போன்ற ஆய்வகங்களில் இச்சோதனை செய்யப்படுகிறது. எனவே கடினத்தன்மை எண்ணைக் குறிக்கும்போது சுமையையும் படிக முகத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். அவை இன்றி இரு படிகங்களை ஒப்பிட இயலாது.