நவம்பர் 1 (தமிழக, புதுவை வரலாறு)

நவம்பர் 1 கிரிகோரியன் ஆண்டின் 305ஆவது நாளாகும். நெட்டாண்டுகளில் இது 306ஆவது நாள். தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய இரண்டின் வரலாற்றிலும் எல்லைகளும் ஆட்சியும் மாறிய நாளாக இது விளங்குகிறது.

நிகழ்வுகள்

• 1858 – கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சி முடிவுற்று, பிரித்தானிய முடியாட்சி நேரடியாக ஆட்சிப்பொறுப்பை ஏற்பதை அறிவிக்கும் விக்டோரியா அரசியின் சாற்றுரை வெளியிடப்பட்டது. சென்னை மாகாணமும் இவ்வாட்சியின் கீழ் வந்தது.

• 1954 – புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16 அன்றே நிறைவேறியது.

• 1956 – மாநில மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிக்கப்பட்டு, கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மலபார் மாவட்டம் கேரளத்துக்கும், கொள்ளேகால் வட்டம் மைசூருக்கும் சென்றன. மார்சல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்திலேயே நீடித்தன. இவ்வியக்கத்தின் போராட்டத்தின்போது 1954 ஆகத்து 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

இறப்புகள்

• 1959 – எம். கே. தியாகராஜ பாகவதர், தமிழ்த் திரைப்பட நடிகர், பாடகர். இவர் நடித்த ஹரிதாஸ் (1944) சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படமாகும்.

சிறப்பு நாள்

புதுச்சேரி அரசு 2014 முதல் இந்நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது.

தமிழ்நாட்டில் இந்நாள் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. மொழிவழி மாநிலம் அமைந்த நாள் என்பதால் 2019 இல் மாநில அரசு இதனைத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. எனினும் 1956 இல் மாநிலத்தின் பெயர் 'சென்னை' என்றே இருந்தது. பெயர் மாற்றம் கோரி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், மாநிலம் அமைவதற்குச் சில வாரங்கள் முன்னரே உயிர் நீத்தார். 'தமிழ்நாடு' எனப் பெயரிடும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 சூலை 18 அன்றாகும். இதனைக் காரணம் காட்டி, 2021 இல் தமிழ்நாடு நாள் சூலை 18 ஆக மாற்றப்பட்டது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத் தியாகிகளுடன் தொடர்புபடுத்தி நினைவுகூரப்படுகிறது.