ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று

பலருக்கு ஒருங்கே பணிசெய்யும் கணனியைச் சேவையகம் என்பர். ஒரு காலத்தில் பெருநிறுவனங்களின் குளிரூட்டப்பட்ட அறைகளிலே வீற்றிருந்த இப்பொறி, இன்று சாதாரண வீட்டின் அலுமாரித் தட்டில் அமர்ந்து, குடும்பத்தின் நிழற்படங்களையும் கணக்குகளையும் கடிதங்களையும் காத்து வருகிறது. அது திடீரென நின்றுவிட்டால் என் செய்வது? பக்கத்தில் இன்னொன்றை ஆயத்தமாக வைத்து, முதலாவது வீழ்ந்ததும் இரண்டாவது தானே பொறுப்பேற்கச் செய்யலாம். விடை எளிதே. ஆயினும் அவ்விடைக்குரிய விலை குடியானவனின் கைக்கெட்டுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

முதலில் அவ்விலையைக் கொடுத்தது போர் அச்சமே. ஐக்கிய அமெரிக்கா தன் வான்பரப்பைக் காக்க ‘சேஜ்’ என்னும் அமைப்பை நிறுவி, 1958ஆம் ஆண்டில் நியூ ஜேர்சியில் அதன் முதல் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. ஐ.பி.எம். நிறுவனம் செய்தளித்த அக்கணனிகள் பல்லாயிரம் வெற்றிடக் குழல்களால் ஆனவை. குழல்களோ அடிக்கடி பழுதாகுபவை. ஆதலின் நிலையத்துக்கு இரண்டு கணனிகள் வைத்தனர். ஒன்று பணிபுரிய, மற்றொன்று காத்திருந்தது. ஓர் அரசின் கருவூலமே தாங்கக்கூடிய ஏற்பாடு அது.

அடுத்து வந்தவை வங்கிகள். 1974இல் ஜேம்ஸ் ட்ரைபிக் என்பார் கலிபோர்ணியாவில் ‘டாண்டம்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். நில்லாது இயங்கும் கணனியே அதன் சரக்கு. 1976இல் முதலாவது பொறி சிற்றிபாங்க் வங்கிக்குச் சென்றது. அதனுள்ளே ஒவ்வொரு செயலியும் ஏறக்குறைய வினாடிக்கொரு தரம் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று மற்றவற்றுக்கு அறிவிக்கும். குரல் அடங்கினால், அதன் வேலையை வேறொன்று ஏற்றுக்கொள்ளும். இன்று வீட்டுச் சேவையகங்கள் தமக்குள் பரிமாறும் ‘இதயத்துடிப்பு’ என்பதும் இம்முறையே.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே என்னும் அறிஞர், கணனிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து 1985இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். வன்பொருட் பழுதால் நேர்ந்தவை நூற்றுக்கு 18 மட்டுமே. மென்பொருட் பிழையால் 25. நிர்வகித்த மனிதரின் கையால் நேர்ந்தவையோ 42! இரண்டாவது பெட்டியை வாங்குவதோடு கவலை தீர்ந்தது என்று எண்ணும் வீட்டுக்காரர் ஊன்றி நோக்கவேண்டிய கணக்கு இது. வீட்டிலே நிர்வாகியும் அவரே அன்றோ! முதற் பெட்டியின் மின்கம்பியை ஓய்வான ஒரு நாளில் வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்திராதவருக்கு இரண்டாவது பெட்டி எழுந்து நிற்கும் என்பதற்கு யாதொரு சான்றுமில்லை.

மலிவு என்னும் எண்ணம் 1988இல் பிறந்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர், விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டுக்குப் பதிலாகப் பல மலிவான வன்தட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு அழியாதிருக்கச் செய்யலாம் எனக் காட்டினர். அவர்கள் இட்ட ‘ரெய்ட்’ என்னும் பெயரில் ‘மலிவான’ என்ற சொல்லே இருந்தது. பின்னர் வணிகர் அதனைச் ‘சுயாதீனமான’ என மாற்றிக்கொண்டனர். மலிவு என்று சொல்லி விலையேற்றுவது கடினம் போலும்.

இரு கணனிகள் ஒரே முகவரியைப் பகிர்வது எவ்வாறு? 1998இல் வெளியான ‘வி.ஆர்.ஆர்.பி.’ என்னும் நெறிமுறை இதற்கு வழிகாட்டியது. முதன்மைப் பொறி வினாடிதோறும் தன் இருப்பை அறிவிக்கும். மூன்று வினாடிக்குச் சற்றுமேல் மௌனம் நீடித்தால் துணைப்பொறி அம்முகவரியைத் தனதாக்கிக்கொள்ளும். ஆனால் தன் ஆக்கவுரிமை இந்நெறிமுறையையும் தழுவும் எனச் சிஸ்கோ நிறுவனம் உரிமை கூறிற்று. கட்டற்ற மென்பொருள் செய்வோருக்கு இது பெருந்தடை. யாவருக்கும் இலவசமாகக் கொடுக்கப்படும் பொருளுக்கு யார் அனுமதிக் கட்டணம் செலுத்துவது? கனடாவின் கல்கரி நகரிலிருந்து தியோ டி ராட் நடத்திய ‘ஓப்பன் பி.எஸ்.டி.’ குழுவினர் கட்டணமும் செலுத்தவில்லை, கைவிடவும் இல்லை. வேறு வழியில் இயங்கும் ‘கார்ப்’ என்னும் நெறிமுறையைத் தாமே ஆக்கி, 2004 மே மாதத்தில் வெளியிட்டனர். அதன் அறிவிப்புகள் இரகசியத் திறவுகோலால் முத்திரையிடப்பட்டவை. நெறிமுறைகளுக்கு எண் வழங்கும் சபை இதற்கெனத் தனியெண் ஒதுக்காமையால், முன்னதற்குரிய 112ஐயே எடுத்துக்கொண்டனர். இன்றும் ஒரே வலையமைப்பில் இரண்டையும் நிறுவுவோர் அடையாள எண்களை வேறுபடுத்தாவிடின் இடர்ப்படுவர். பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை அது. ஆயினும் முகவரி மாறும் வித்தை அதன்பின் எவருடைய அனுமதியையும் வேண்டி நிற்கவில்லை.

எஞ்சியவை விரைவாக நிகழ்ந்தன. வியன்னாவில் பிலிப் றைஸ்னர் ஆக்கிய ‘டி.ஆர்.பி.டி.’, ஒரு கணனியின் வன்தட்டில் எழுதுவதை வலையமைப்பின் வழியே மற்றொன்றிலும் எழுதுவது. 2010இல் அது லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்டது. 2012 பெப்ரவரி 29ஆந் திகதி, 35 டொலர் விலையில் ‘ராஸ்பெரி பை’ வெளிவந்தது. பழைய மடிக்கணனியும் இப்பணிக்கு நல்லதே. மின்வெட்டைத் தாங்கும் மின்கலம் அதனுள்ளேயே உண்டு. ஒரே மின்செருகியில் இரு சேவையகங்களையும் பூட்டி வைப்பவரோ, இரண்டையும் ஒருங்கே இழப்பார்.

பணம் குறைந்தபின்னும் ஒரு சிக்கல் குறையவில்லை. இரு பொறிகளுக்கிடையே உள்ள கம்பி மட்டும் அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது மாண்டதெனக் கருதித் தானே தலைமையேற்கும். இரண்டும் வெவ்வேறு கணக்கை எழுதத் தொடங்கும். இதற்கு மருந்து மூன்றாவது சாட்சி. மூவரில் இருவரின் வாக்கைப் பெறாதது தலைமையேற்கலாகாது. 2014இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ‘ராஃப்ட்’ முறையும் இப்பெரும்பான்மை விதியையே எளிதில் விளங்குமாறு வகுத்தது. சாட்சி சொல்வதற்குப் பெருங்கணனி வேண்டியதில்லை. அந்த 35 டொலர்ச் சிறுபெட்டி போதும்.

வீட்டில் ஒருவர் அறியாது ஒரு படத்தை அழித்துவிட்டால், இரட்டையாக எழுதும் ஏற்பாடு மறுகணமே மற்ற வன்தட்டிலும் அதனை அழித்துவிடும். ஆதலின் அச்சிறுபெட்டிக்கே இரவுதோறும் தனிப் பிரதியெடுக்கும் வேலையையும் கொடுப்பவர் உண்டு. அப்பிரதியை உறவினர் வீடொன்றில் வைப்பவரும் உண்டு.