வெள்ளம் விட்டுச்சென்ற பாதைகள்

வட பிரான்ஸின் கால்வாய்க் கரைகள் இன்று துவிச்சக்கர வண்டியோட்டிகள் விரும்பி நாடும் வழிகளாக விளங்குகின்றன. ஏற்ற இறக்கம் அதிகமில்லாத பாதை. ஒருபுறம் ஆரவாரமற்ற நீர். மறுபுறம் வயல்களும் மரவரிசைகளும். நாள் முழுதும் மிதித்தாலும் களைப்புத் தோன்றாது. ஆனால் அப்பாதைகள் உல்லாசத்துக்காக அமைக்கப்பட்டவையல்ல. இயந்திரப் படகுகள் தோன்றுவதற்கு முன்னர் சுமை ஏற்றிய படகுகளைக் கயிறு கட்டி இழுத்த குதிரைகளும் மனிதரும் நடந்து நடந்து உண்டான தடங்கள் அவை. பாரிஸ் நகரில் எம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கு அண்மையிலே ஓடும் கால்வாய்களும் அவ்வாறே பிழைப்பின் தேவையிற் பிறந்தவை. நகருக்குக் குடிநீர் கொணரும் பொருட்டு 1802 ஆம் ஆண்டில் நெப்போலியன் இட்ட கட்டளையே அவற்றின் மூலம்.

மேலும் வடக்கே சென்றால், 'வடக்குக் கால்வாய்' எனப் பொருள்படும் கனால் டு நோர் எதிர்ப்படும். 1918 செப்ரெம்பர் 27 ஆம் நாள் கனேடியப் படையினர் பெருஞ்சேதத்தினூடே கடந்த கால்வாய் இதுவே. அப்போது அது வெட்டி முடிக்கப்படாத அகழியாகக் கிடந்தது. 1965 இலேயே நிறைவெய்தியது. இனிய பாதையொன்றின் கீழ் இன்னொரு வரலாறு மறைந்து கிடத்தல் கூடும் என்பதற்கு இது சான்று. இதனை அறிய நாம் பிரான்ஸ் வரை செல்லவேண்டியதில்லை. நாம் வாழும் ரொறன்ரோவிலேயே அத்தகைய பாதைகள் உள்ளன.

ஒரு வினா

ஹம்பர், டொன், ஹைலண்ட் கிறீக், றூஜ் ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகள் இம்மாநகரை வடக்குத் தெற்காக ஊடறுத்துச் செல்கின்றன. சிற்றோடைப் பள்ளங்களையும் சேர்த்து இவற்றின் பரப்பு ஏறத்தாழ 11,000 ஹெக்டேயர். அதாவது நகரின் நிலப்பரப்பில் 17 சதவீதம். கோடை வந்துவிட்டால் எமது பிள்ளைகள் தடித்த சில்லுகள் கொண்ட மலைச் சைக்கிள்களுடன் இப்பள்ளத்தாக்குகளில் இறங்கிவிடுகின்றனர். நிலத்தின் விலை வானளாவ உயர்ந்துள்ள இந்நகரிலே, ஆற்றங்கரையின் இவ்வளவு நல்ல நிலத்தில் வீடுகள் எழாதது ஏன்? இவ்வினாவை அப்பிள்ளைகளிடம் கேட்டால், இயற்கை அவ்வாறு விட்டுவைத்தது என்பர். வரலாறு கூறும் விடை வேறு.

முதற் பாதை

இப்பள்ளத்தாக்குகளிலே பாதை வகுத்தோர் ஆதிக்குடிகளே. ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே சிம்கோ ஏரியை நோக்கி, தோணிகளையும் பொருட்களையும் தோளிற் சுமந்து செல்லும் நெடுவழி ஒன்று இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வழியருகே தெயாயாகோன் என்னும் செனக்கா மக்களின் ஊர் அமைந்திருந்தது. பின்னர் இந்நிலம் மிசிசாகா மக்களின் வாழிடமாயிற்று. 1787 இல் பிரித்தானிய அரசு இதனை வாங்கியதாகக் கூறியது. 1805 இல் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தபோது பெயரளவிற் கொடுத்த விலை பத்துச் சில்லிங். அதற்கான உரிமைக் கோரிக்கை 2010 இலேயே 14 கோடியே 50 இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் முடிவுக்கு வந்தது. இப்பாதைகளில் உருளும் எவரும் இந்தப் பழைய கணக்கை மறத்தலாகாது.

குடியேறியோர் வந்த பின்னர் ஆறுகள் ஆலைகளைச் சுழற்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டொன் கரையிலே தொழிற்சாலைகளின் கழிவு பெருகியது. 1880களின் பிற்பகுதியில், வளைந்து நெளிந்து சென்ற டொன் ஆற்றின் கீழ்ப்பகுதியை நகரத்தார் வெட்டி நேராக்கினர். புகையிரதப் பாதைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் வேண்டியிருந்தது. இன்று அங்கே வண்டியோட்டுவோர் ஆறு என்று காண்பது, உண்மையில் மனிதர் வெட்டிய கால்வாயையே.

வண்டியின் வரவு

1890களிலே துவிச்சக்கர வண்டி மோகம் உலகெங்கும் பரவியபோது ரொறன்ரோவும் அதற்கு ஆட்பட்டது. 1899 இல் ஐந்து உற்பத்தியாளரின் வண்டித் தொழில்கள் இணைந்து சீ.சீ.எம். என்னும் கனேடியக் கம்பனி உருவாயிற்று. 1917 முதல் அதன் பெருந்தொழிற்சாலை ஹம்பர் ஆற்றை அடுத்த வெஸ்ரன் பகுதியிலே இயங்கியது. 1983 இல் அக்கம்பனி முறிவடையும் வரை பல தலைமுறைக் கனேடியப் பிள்ளைகள் ஏறிப் பழகிய வண்டிகள் அதனுடையவை.

ஹம்பர் என்ற பெயர் எமது மூத்தோர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்திலே றலி, றட்ஜ் வண்டிகளுடன் ஹம்பர் வண்டியையும் அவர்கள் அறிவர். அவ்வண்டிக்குப் பெயர் தந்தவர் தோமஸ் ஹம்பர் என்னும் ஆங்கிலேயத் தொழிலறிஞர். இவ்வாற்றுக்குப் பெயர் தந்தது இங்கிலாந்திலுள்ள இன்னொரு நீர்நிலை. பெயர் மட்டுமே ஒன்று.

1954 ஒக்ரோபர் 15

அந்த வெள்ளிக்கிழமை இரவே இந்நகரின் பள்ளத்தாக்குகளின் தலைவிதியை மாற்றியது. ஹெய்ற்றி நாட்டிலே பல நூறு உயிர்களைப் பலிகொண்ட 'ஹேஸல்' என்னும் சூறாவளி, அன்று காலை அமெரிக்காவின் கரோலைனாக் கரையில் ஏறி, வடக்கு நோக்கி விரைந்து, இரவில் ஒன்ராறியோவை அடைந்தது. முந்திய நாட்களிற் பெய்த மழையால் நிலம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது; மேலும் நீரை உறிஞ்சும் ஆற்றல் அதற்கில்லை. விழுந்த மழை முழுவதும் ஓடைகளிற் பாய்ந்தது. ஓடைகள் ஆறுகளைப் பெருக்கின.

ஹம்பரின் மேற்குக் கரையில், வெஸ்ரனுக்கு எதிரே, லோறன்ஸ் அவெனியூவுக்கு அண்மையில் றேமோர் டிறைவ் என்ற குடியிருப்பு வீதி இருந்தது. அங்கிருந்த தொங்கு நடைபாலம் ஒன்று ஒருபுறம் அறுந்து, வெள்ளத்தை அவ்வீதிக்குள்ளே திருப்பிவிட்டது. உறங்கிக்கொண்டிருந்தோர் வீடுகளுடன் அடித்துச் செல்லப்பட்டனர். அந்த ஒரு வீதியில் மட்டும் 35 பேர் இறந்தனர். எற்றோபிக்கோவில் மீட்புப் பணிக்குச் சென்ற தொண்டர் தீயணைப்பு வீரர் ஐவரும் ஹம்பர் வெள்ளத்தில் மாண்டனர். ஒன்ராறியோவில் இறந்தோர் தொகை 81. ஏறத்தாழ 1,900 குடும்பங்கள் வீடிழந்தன. நகருக்கு வடக்கே, சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டிப் பயிர்செய்த ஹொலண்ட் மார்ஷ் பகுதியில், 1930களில் வந்து குடியேறிய ஒல்லாந்துக் குடும்பங்களின் மரக்கறித் தோட்டங்கள் ஓரிரவில் ஏரியாயின.

முடிவெடுத்தவர்கள்

வெள்ளம் வடிந்த பின்னர், மீண்டும் அதே இடத்தில் வீடு கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. ஆற்றின் வெள்ளச் சமவெளி ஆற்றுக்கே உரியது. அங்கே மனிதர் குடியிருத்தல் கூடாது என்று ஒன்ராறியோவில் முடிவாயிற்று. இதற்கான சட்ட அடித்தளம் 1946 ஆம் ஆண்டின் பாதுகாப்பு அதிகாரசபைகள் சட்டத்திலேயே இருந்தது. 1957 இல் நகரைச் சூழ்ந்த நான்கு அதிகாரசபைகள் ஒன்றாக்கப்பட்டன. 1959 இல் அணைகளும் நிலக் கொள்வனவும் அடங்கிய வெள்ளத்தடுப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. பல்லாயிரம் ஏக்கர் ஆற்றோர நிலம் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டது. எஞ்சிய வீடுகள் அகற்றப்பட்டன. றேமோர் டிறைவின் அழிந்த பகுதி இன்று றேமோர் பூங்கா.

வாங்கிய நிலத்தை வேலியிட்டு மூடியிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. 1955 இல் மாநகரப் பூங்கா ஆணையாளராகப் பதவியேற்ற ரொமி தொம்சன், 'புல்லின் மீது தயவுசெய்து நடவுங்கள்' என்று அறிவிப்புப் பலகை நாட்டியவர். வெள்ளம் வந்தால் நனைந்து, வடிந்ததும் மீண்டும் பயன்படக்கூடியவை புல்வெளியும் பாதையுமே. ஆகவே பள்ளத்தாக்குகள் பூங்காக்களாயின. பூங்காக்களை இணைத்துப் பாதைகள் நீண்டன. 1984 இல் ஏரிக்கரையில் மாட்டின் குட்மன் பாதை திறக்கப்பட்டது. வீடுகளை இழந்த நிலமே இன்று வண்டிகள் உருளும் வழியாய் உள்ளது என்பதே மேற்கூறிய வினாவுக்கு விடையாகும்.

மலைச் சைக்கிள்

மலைச் சைக்கிளின் பிறப்பிடம் கலிபோர்ணியா. 1970களிலே சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள தமல்பைஸ் மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர் தடித்த சில்லுகள் கொண்ட பழைய வண்டிகளைத் திருத்தி ஓட்டத் தொடங்கினர். 1981 முதல் அவ்வகை வண்டிகள் பெருந்தொகையில் உற்பத்தியாயின. 1996 அற்லாந்தா ஒலிம்பிக்கில் இது போட்டியாகச் சேர்க்கப்பட்டபோது கனேடிய வீராங்கனை அலிஸன் சைடோர் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

இங்கே டொன் பள்ளத்தாக்கின் குரொதர்ஸ் வனம் இவ்வண்டியோட்டிகளின் முக்கிய களமாயிற்று. சரிவிலே நேர்கீழாக வெட்டிய தடம் மழை பெய்ததும் ஓடையாகிவிடும்; மண் கரையும்; மர வேர்கள் வெளிப்படும். சரிவுக்குக் குறுக்காக, வெளிப்புறம் சற்றே சாய்த்து வெட்டிய தடத்திலோ நீர் தங்காது வழிந்துவிடும். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் நகரசபையும் வண்டியோட்டும் தொண்டர்களும் சேர்ந்து அங்குள்ள தடங்களை இம்முறையிற் சீரமைத்துள்ளனர். தாம் கெடுக்கக்கூடிய வனத்தைத் தாமே காப்பது நற்பண்பாகும். புதுத்தடம் வெட்டாமலும், மழைக்குப் பின் சேறு காயும்வரை காத்திருந்தும் எமது பிள்ளைகளும் இதிற் பங்குகொள்ளலாம்.

நாம் அறிந்த பாதைகள்

எமக்குத் துவிச்சக்கர வண்டி விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1990 ஆனியிலே போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் அற்ற குடாநாட்டை இயக்கியது அவ்வண்டியே. விறகும் நெல்லும் நோயாளரும் அதன் கரியரிலே சென்றனர். மின்சாரமற்ற இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஆனையிறவு வழி அடைபட்டிருந்த நாட்களிற் கிளாலிக் கடனீரேரியிலே படகேறி வன்னிக்குச் சென்ற வண்டிகளும் பல. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறியபோது, மிதிப்பதற்கு இடமின்றி, மூட்டைகள் தொங்க அவ்வண்டிகளைத் தள்ளிக்கொண்டே மழையில் நடந்தனர். வலிகாமம் வடக்கு மக்களோ 1990 இலேயே ஊரிழந்தோர். உயர்பாதுகாப்பு வலயம் எனப்பட்ட அவர்களது நிலம், போர் முடிந்த 2009 இன் பின்னரே சிறிது சிறிதாக விடுவிக்கப்படலாயிற்று.

ஆகவே நிலமிழத்தல் என்பதை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. றேமோர் டிறைவ் மக்களும் இழந்தனர். ஆயின் அவர்கள் இழந்த நிலம் எதற்காக எடுக்கப்பட்டது என்பது வெளிப்படையாகக் கூறப்பட்டது. பொதுப்பணத்தில் விலை கொடுக்கப்பட்டது. அந்நிலம் எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஓர் அரசு தன் மக்களின் நிலத்தை எடுக்க நேரும்போது எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதற்கு இது ஓர் அளவுகோல். மிசிசாகா மக்கள் விடயத்தில் இதே நாடு அவ்வளவுகோலுக்கு எட்டவில்லை என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

ஆறு மறப்பதில்லை

வெள்ளத்தின் கதை 1954 உடன் முடிந்துவிடவில்லை. 2013 யூலை 8 இல் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. டொன் பள்ளத்தாக்கிலே நின்றுவிட்ட புகையிரதத்திலிருந்து ஏறத்தாழ 1,400 பயணிகள் மீட்கப்பட்டனர். 2024 யூலை 16 இல் டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை நீரில் மூழ்கியது. அதே 2024 ஆம் ஆண்டிலே, டொன் ஆறு வளைந்து சென்று ஏரியிற் கலக்கும் வண்ணம் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. நூற்றாண்டுக்கு முன்னர் நேராக்கிய ஆற்றுக்கு அதன் வளைவை மனிதரே திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

வெள்ளச் சமவெளியிலே கட்டடம் எழுப்ப அனுமதி கேட்போர் எக்காலத்திலும் இருப்பர். வீட்டுப் பற்றாக்குறையைக் காட்டி, இந்த விதிகள் எதற்கு என்ற குரலும் எழுவதுண்டு. இங்கே வாக்குரிமை பெற்றுள்ள எமது சமூகம், அக்குரல் எழும்போது 81 உயிர்களின் கணக்கை அறிந்து பதில் கூறவேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் பிள்ளைகளுடன் ஹம்பர் பாதையிற் செல்வோர் றேமோர் பூங்காவில் சிறிது நேரம் இறங்கி நில்லுங்கள். இங்கே ஒரு வீதி இருந்தது, வீடுகள் இருந்தன, உறங்கிய மக்கள் இருந்தனர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அதன் பின்னர் மிதித்துச் செல்லலாம்.